நாகலகம் வீதியில் எத்தனை அடி?

மழைக்காலத்தில் களனி கங்கையின் நீர்மட்ட அட்டவணையைப் பார்க்கிற பழக்கம் உள்ளவர்கள் இதைக் கவனித்திருப்பார்கள். கிதுல்கலை, க்ளென்கோர்ஸ், ஹங்வெல்லை எல்லாவற்றுக்கும் அளவு மீற்றரில் இருக்கும். கொழும்பின் வாசலில் இருக்கிற நாகலகம் வீதிக்கு மட்டும் அடியில். நாலு அடி என்றால் விழிப்பு, ஐந்து என்றால் சிறு வெள்ளம், ஏழு என்றால் பெருவெள்ளம். ஒழுங்கு விரும்பி யாராவது ஒருநாள் இதையும் மீற்றருக்கு மாற்றிவிடுவாரோ என்று எனக்கு ஒரு பயம் உண்டு. மாற்றினால் கணினிக்கு ஒரு கஷ்டமும் இல்லை. வெல்லம்பிட்டி, கொலன்னாவைப் பக்கத்துச் சனத்துக்குத்தான் தலை சுற்றும்.

எங்கள் ஒழுங்கை முகப்பில் ஓட்டோ நிறுத்துகிற நானா ஒருவர் வெல்லம்பிட்டிக்காரர். பகலில் வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி என்று ஓடிவிட்டு இரவு வீட்டுக்குத் திரும்புவார். ஒரு மழை நாளில், சவாரி போய்க்கொண்டிருக்கும்போதே தன் கணக்கைச் சொன்னார்.

"அஞ்சு அடின்னா காஸ் சிலிண்டரையும் பிள்ளைங்கட புத்தகத்தையும் மேல ஏத்திருவேன் தங்கச்சி. ஆறுன்னா உம்மாவ ராத்தா வீட்டுல கொண்டு போய் விட்டுருவேன். ஏழுன்னா ஓட்டோவ எடுத்துக்கிட்டு நானும் போயிருவேன். பொறகு வீடு அல்லாஹ் பொறுப்பு."

2016 மே வெள்ளத்துக்குப் பிறகு வந்த ஏற்பாடு அது. தண்ணீர் வாசலுக்கு வந்த பிறகு நின்று யோசிக்கக்கூடாது என்பதற்காக முன்கூட்டியே முடிவெடுத்து வைத்திருக்கிறார்.

அந்த எண் அவருக்கு எப்படிக் கிடைக்கிறது என்று கேட்டேன். அட்டவணை பி.டி.எஃப். ஆக வரும். அதை அவர் திறப்பதேயில்லை. மச்சானின் மகன், ஏ.எல். (உயர்தர வகுப்பு) படிக்கிற பொடியன், பார்த்துவிட்டு அவர்கள் ஒழுங்கையின் வாட்ஸ்அப் குழுவில் குரல் பதிவாகப் போடுவானாம். ஒன்றை எனக்குப் போட்டும் காட்டினார். பின்னால் மழைச் சத்தம், யாரோ பாத்திரம் கழுவுகிற சத்தம், நடுவில் பொடியனின் குரல்: "நாகலகம் நாலே முக்கால். ஹங்வெல்லையில இன்னும் ஏறுது. இன்னைக்கு ராவைக்கு முழிச்சிருங்க."

ஹங்வெல்லை ஆற்றின் மேல்பக்கம். அங்கே ஏறிய தண்ணீர் கொழும்புக்கு வந்து சேர மணிக்கணக்கில் எடுக்கும். பொடியன் அதைப் புரிந்து வைத்திருக்கிறான். ஒரு பயலும் அவனுக்குச் சம்பளம் கொடுக்கவில்லை.

நான் தரவு சம்பந்தப்பட்ட மென்பொருள் வேலை செய்கிறவள். 'ஸ்மார்ட் சிட்டி' என்று தலைப்புப் போட்ட கூட்டங்களுக்கு என்னைப் போன்றவர்களையும் கூப்பிடுவார்கள். பெரிய ஹோட்டல் மண்டபம், திரையில் நீல வெளிச்சத்தில் மிதக்கிற ஒரு நகரம், கட்டடத்துக்குக் கட்டடம் கோடுகள். எல்லாம் சென்சர், எல்லாம் இணைப்பு, எல்லாவற்றையும் ஓர் அறையில் உட்கார்ந்து பார்க்கலாம். பிறகு தேநீர், கட்லட். அந்தப் படங்களுக்குப் பொருத்தமான இடம் கொழும்பில் ஒன்று இருக்கிறது: கடலை நிரப்பி எடுத்த 269 ஹெக்டேயர் துறைமுக நகரம். அங்கே பழைய குழாய் இல்லை, பழைய குடியிருப்பும் இல்லை. வெறும் நிலத்தில் ஆரம்பிக்கிறவருக்கு எல்லாம் சுலபம். மற்றக் கொழும்பு அப்படியில்லை.

குடிதண்ணீரையே எடுப்போம். லபுகமை நீர்த்தேக்கத்திலிருந்து நகரத்துக்குக் குழாயில் தண்ணீர் வரத் தொடங்கியது 1880களில். மண்ணுக்கடியில் நூறு வயது தாண்டிய குழாய்களும் உண்டு. பத்துப் பதினைந்து வருடங்களுக்கு முன் மாநகருக்குள் விட்ட தண்ணீரில் ஏறக்குறைய பாதி பில்லுக்கு வராமலே போனது. கசிவு, பழுதான மீற்றர், களவு எல்லாம் சேர்த்து. இதைக் கண்டுபிடிக்கிற முறையில் பெரிய மந்திரம் இல்லை. நகரத்தைச் சிறு சிறு வலயங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் தண்ணீர் நுழைகிற இடத்தில் ஒரு மீற்றர் வைப்பார்கள். விடியப்புறம் இரண்டு மணி, மூன்று மணிக்கு ஓட்டம் எவ்வளவு என்று பார்ப்பார்கள். ஊர் தூங்குகிற நேரத்தில் ஓட்டம் குறைய வேண்டும். குறையவில்லை என்றால் எங்கேயோ மண் குடிக்கிறது.

அதற்கு மேல் மனுசர்தான் இறங்க வேண்டும். ஓர் இரும்புத் தடி. ஒரு முனை குழாயின் வால்வில், மறுமுனை காதில். கசிகிற குழாய் சீறும். வீதியில் பஸ் ஓடுகிற நேரத்தில் அது கேட்காது, அதனால்தான் நடுச்சாமத்தில் வருகிறார்கள். ஒலியைப் பதிவு செய்து அனுப்புகிற கருவிகளும் இப்போது உண்டு. இரண்டு இடங்களில் வைத்து, சத்தம் எதற்கு முதலில் வந்தது என்ற நேர வித்தியாசத்தை வைத்துக் கசிவு எங்கே என்று கணக்குப் போடும். ஆனாலும் தோண்டுவதற்கு முன் தடியை வைத்துக் கேட்கிற ஒருவரைக் கூப்பிடுவார்கள் என்றுதான் நினைக்கிறேன். நானாக இருந்தால் கூப்பிடுவேன்.

இந்த நகரத்தை அளக்கிற பலர் கருவிகளே இல்லாமல் அளக்கிறார்கள். காலி வீதியில் கொப்பியும் பேனாவுமாக நின்று பஸ்கள் போகிற நேரத்தைக் குறித்துக்கொள்கிற டைம் கீப்பரைக் கண்டிருப்பீர்கள். நூறாம் இலக்கம் பஸ் வேகத்தைக் குறைக்கும், கண்டக்டர் மிதிபலகையில் தொங்கியபடி கை நீட்டுவார், முன் பஸ் போய் எத்தனை நிமிடம் என்று இவர் கத்துவார், சில்லறை கைமாறும். அந்தத் தகவலை வைத்துத்தான் சாரதி ஊருவதா பறப்பதா என்று முடிவெடுக்கிறார். உள்ளே தொங்கிக்கொண்டிருக்கிற எங்களுக்கு அதனால் நன்மையா என்பது வேறு கதை. தகவல் யாருக்குப் போகிறதோ அவருக்குத்தான் வேலை செய்யும். கண்டக்டருக்குப் போகிறது, அவருக்கு வேலை செய்கிறது. பஸ் ஹோல்ட்டில் குடையோடு நிற்கிற பெண்ணுக்குப் போவதில்லை.

'கருவி வைத்தால் போதும்' என்று யாராவது சொன்னால் எனக்கு மீதொட்டமுல்லை ஞாபகம் வரும். 2017 ஏப்ரல் 14, சித்திரைப் புத்தாண்டு நாள். குப்பை மலை சரிந்து வீடுகளை மூடி, 30 பேருக்கு மேல் இறந்தார்கள். மண் நகர்வதை அளக்கிற கருவிகள் உலகத்தில் எப்போதோ வந்துவிட்டன. இங்கே அதுவும் தேவைப்பட்டிருக்காது. பக்கத்தில் குடியிருந்தவர்கள் வருடக்கணக்காகக் கத்திக்கொண்டுதான் இருந்தார்கள். அந்த மலையைப் பற்றி இந்த நகரத்துக்குத் தெரியாதது ஒன்றுமில்லை. கேட்டவர்கள் கையில் அதிகாரம் இல்லை, அதிகாரம் உள்ளவர்கள் கேட்கவில்லை. அங்கே ஒரு சென்சரைக் குத்தியிருந்தால் அதுவும் யாரோ ஒருவரின் மேசையில் சிவப்பு விளக்காக எரிந்துகொண்டிருந்திருக்கும்.

சென்சர் வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. எனக்கு அவை பிடிக்கும். எங்கள் வீட்டுப் பல்கனியில் காற்றின் தூசை அளக்கிற ஒன்றை நானே பொருத்தி வைத்திருக்கிறேன். தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய பெட்டி. உள்ளே ஒரு சின்ன விசிறி காற்றை இழுக்கும், லேசர் கதிர் ஒன்று அதன் குறுக்கே போகும், தூசியில் பட்டுச் சிதறுகிற ஒளியை வைத்து எத்தனை துகள் என்று கணக்கிடும். 2.5 மைக்ரோமீற்றருக்கும் சிறிய துகள்கள்தான் நுரையீரலின் அடிவரை போகிறவை. உலக சுகாதார நிறுவனம் 2021இல் அதற்கான ஆண்டுச் சராசரி வரம்பை ஒரு கன மீற்றருக்கு 5 மைக்ரோகிராமாகக் குறைத்தது.

ஆனால் வெள்ளவத்தையின் காற்று ஈரக் காற்று. ஈரத்தில் துகள் ஊதிப் பெருக்கும், கருவி அதைத் தூசு என்று கூடுதலாகக் காட்டும். அதற்குத் திருத்தம் போட வேண்டும். கடல் உப்பு திருகாணிகளைத் தின்றுவிடும். கதகதப்பாக இருக்கிறது என்று எறும்பு குடிவரும். பல்லி ஒன்று காற்றுத் துளையை மறித்துப் படுத்திருந்த நாளில் கொழும்பின் காற்று சுவிற்சர்லாந்துக் காற்றாக இருந்தது. பல்லாயிரம் கருவிகளை நகரம் முழுக்கப் பூட்டப் போவதாகச் சொல்கிறவர்களிடம், அவற்றைத் துடைக்கப் போவது யார் என்று கேட்க வேண்டும். திறப்பு விழாவுக்கு நிதி கிடைக்கும். துடைக்கிறவருக்குக் கிடைப்பது அபூர்வம்.

வெளியார் தயவில் இருக்கிற கருவிக்கு இன்னொரு கஷ்டம். கொழும்பில் அமெரிக்கத் தூதரகம் வெளியிட்ட காற்றுத் தர எண்ணைத்தான் பலரும் போனில் பார்த்துக்கொண்டிருந்தோம். 2022 டிசம்பரில் வானம் சாம்பல் நிறமாகி, பள்ளிக்கூடங்களை மூடிய நாட்களில் எல்லார் வாயிலும் அந்த எண்தான். 2025 மார்ச்சில், உலகம் முழுவதும் தூதரகங்களில் எடுத்த காற்றுத் தரவை வெளியிடுவதை அமெரிக்கா நிறுத்திவிட்டது. வாஷிங்டனில் யாரோ செலவைக் குறைக்க, இங்கே ஒரு எண் காணாமல் போனது. (மின்சாரத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். 2025 பெப்ரவரியில் பாணந்துறை உபநிலையத்துக்குள் புகுந்த ஒரு குரங்கு நாடு முழுவதையும் இருட்டாக்கியது. எந்த ஸ்மார்ட் சிட்டித் திட்டத்திலும் அந்தக் குரங்குக்கு ஒரு பக்கம் ஒதுக்க வேண்டும்.)

இதுவரை சொன்னது தண்ணீர், குழாய், காற்று. மனுசரை அளப்பது என்று வரும்போதுதான் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது.

கொழும்பில் பெரிய தரவை வைத்துச் செய்த நல்ல வேலை ஒன்றும் மனுசரைப் பற்றியதுதான். லேர்ன் ஏசியா என்ற ஆய்வு நிறுவனம், 2004இல் ரொஹான் சமரஜீவ தொடங்கியது. தொலைபேசி நிறுவனங்களிடமிருந்து அழைப்புப் பதிவுகளை, இலக்கங்களை மறைத்து வாங்கி ஆராய்ந்தார்கள். நீங்கள் ஓர் அழைப்பு எடுத்தால் எந்தக் கோபுரம், எத்தனை மணி என்று ஒரு வரி பதிவாகும். இரவில் அதிகம் படுகிற கோபுரம் வீடு, பகலில் படுகிற கோபுரம் வேலை. இலட்சக்கணக்கான போன்களை இப்படிக் கூட்டிப் பார்த்தால் நகரம் மூச்சு விடுவதைப் படமாகக் காணலாம். பகலில் கொழும்பு நகருக்குள் இருக்கிறவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் வெளியிலிருந்து வருகிறவர்கள் என்று அதில் தெரிந்தது. 2012 குடிசனக் கணக்கெடுப்பு மாநகரத்தில் 561,314 பேர் என்றது. அது இராத்தூக்கத்துக்கான எண். கழிவறை, குப்பை, பஸ், ஆஸ்பத்திரிக் கட்டில் எல்லாம் பகல் எண்ணுக்குத்தான் போட வேண்டும். டெங்கு எந்தப் பாதையால் பரவக்கூடும் என்று பார்க்கவும் இதே வகைத் தரவைப் பயன்படுத்தினார்கள். 2017இல் நாட்டில் 186,000 பேருக்கு மேல் டெங்குச் சந்தேகத்தில் பதிவானபோது, வீடு வீடாகப் பூச்சாடித் தட்டைத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்த பொதுச் சுகாதாரப் பரிசோதகர்களான பி.எச்.ஐ. மாருக்கு முதலில் எந்தத் தெருவுக்குப் போவது என்று சொல்ல அப்படி ஒன்று தேவை.

ஆனால் இலக்கத்தை மறைத்தால் ஆளை மறைத்ததாகிவிடுமா? 2013இல் வெளிவந்த ஓர் ஆய்வு 15 இலட்சம் பேரின் 15 மாத போன் நடமாட்டத்தைப் பார்த்தது. ஒருவர் எந்த நேரத்தில் எங்கே இருந்தார் என்று நாலே நாலு புள்ளிகள் தெரிந்தால் போதும், 95 வீதமானவர்களைத் தனியாகப் பிரித்து எடுத்துவிடலாம் என்றது. என் நாலு புள்ளிகளை என் ஒழுங்கைக் கடைக்காரரே சொல்லிவிடுவார்.

கொழும்பில் வளர்ந்த தமிழருக்கு இதை விளக்கத் தேவையில்லை. போர்க்காலத்தில் எங்கள் வீட்டு அலுமாரியில் பிறப்புச் சான்றிதழுக்கும் மேலே இருந்த தாள் பொலிஸ் பதிவு. வீட்டில் யார் யார், எந்த ஊர், அடையாள அட்டை இலக்கம், எதற்காகக் கொழும்பில் இருக்கிறார்கள். யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு மாமி வந்து இரண்டு கிழமை நின்றாலும் பெயர் ஏற வேண்டும். பிளாஸ்ரிக் உறைக்குள் போட்டு, கதவைத் தட்டினால் உடனே எடுக்கிற இடத்தில் அம்மா வைத்திருப்பா. 2007 ஜூனில் லொட்ஜ்களில் தங்கியிருந்த 300க்கும் மேற்பட்ட தமிழரை பஸ்களில் ஏற்றி நகரத்தைவிட்டு அனுப்பினார்கள். அடுத்த நாளே உயர் நீதிமன்றம் அதைத் தடுத்தது. 2008 செப்டம்பரில், முந்திய ஐந்து வருடங்களுக்குள் வடக்கிலிருந்து மேல் மாகாணத்துக்கு வந்தவர்கள் எல்லாரும் பதிய வேண்டும் என்று அறிவித்தார்கள். அவை எல்லாம் பேனாவால் நிரப்பிய படிவங்கள். தேட வேண்டுமானால் ஒருவர் உட்கார்ந்து புரட்ட வேண்டும். அந்தப் புரட்டுகிற நேரம்தான் எங்களுக்கு இருந்த ஒரே பாதுகாப்பு என்று இப்போது தோன்றுகிறது.

2024 ஜனவரி 22 முதல் கொழும்பில் வீதி விதி மீறுகிற வாகனங்களைக் கமரா வைத்துப் பிடிக்கிறார்கள். மஞ்சள் கோட்டில் பாய்கிறவர்களைப் பிடித்தால் எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் வாகன இலக்கத்தை வாசிக்கிற கமராவுக்கு முகத்தை வாசிக்கக் கற்றுக்கொடுப்பது ஒரு மென்பொருள் மாற்றம். கம்பம் ஏற்கெனவே நிற்கிறது. தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புக்கு எங்களிடம் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் உண்டு, அரசாங்க நிறுவனங்களும் அதற்குள் வருகின்றன. தேசிய பாதுகாப்பு என்ற வாசலும் அதில் இருக்கிறது. அந்த வாசலால் யார் யார் வருவார்கள் என்று எங்கள் ஆட்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

வெளிநாட்டிலும் இதே சண்டைதான். கனடாவின் ரொறன்ரோவில், கூகிளின் தாய் நிறுவனத்தைச் சேர்ந்த சைட்வோக் லாப்ஸ் 2017இல் ஏரிக்கரையில் சென்சர் நிறைந்த ஒரு நகரப்பகுதி கட்ட வந்தது. சேகரிக்கிற தரவிலிருந்து ஆளடையாளத்தை எடுத்த இடத்திலேயே அழிக்க வேண்டும் என்பது ஆலோசகராக இருந்த ஆன் கவூக்கியனின் நிபந்தனை. மற்ற நிறுவனங்களை அதற்குக் கட்டுப்படுத்த முடியாது என்று தெரிந்ததும் 2018இல் அவர் விலகினார். 2020 மே மாதம் திட்டமே கைவிடப்பட்டது. ரொறன்ரோவில் எத்தனை தமிழர் என்று உங்களுக்குத் தெரியும். எங்கள் சொந்தக்காரர் யாரும் அதைப் பற்றிக் கதைத்ததாக எனக்கு நினைவில்லை, எல்லாரும் வீட்டு விலையைப் பற்றித்தான் கதைத்தார்கள்.

அப்படியென்றால் சனம் எப்போதுமே தரவு கொடுக்க மறுக்குமா? 2022 ஜூலையில் நடந்ததைப் பாருங்கள். பெற்றோல் வரிசை இரண்டு நாள், மூன்று நாள் என்று நீண்டிருந்த நேரம் எரிபொருள் அட்டை வந்தது. வாகன இலக்கம், அடையாள அட்டை இலக்கம், சேசி இலக்கம் எல்லாம் நாங்களே தட்டி, கியூ.ஆர். குறியீட்டை எடுத்தோம். காருக்கு வாரம் 20 லீற்றர், மோட்டார் சைக்கிளுக்கு 4, ஓட்டோவுக்கு 5. ஒருவரும் முணுமுணுக்கவில்லை. எதற்குக் கேட்கிறார்கள் என்று தெரிந்தது, கிடைப்பது கண்ணுக்குத் தெரிந்தது, எந்த மொழி பேசினாலும் அளவு ஒன்றுதான். 2023 செப்டம்பர் 1இலிருந்து அது நிறுத்தப்பட்டது. தேவை முடிந்ததும் ஏற்பாட்டையும் முடித்தது இந்த நாட்டில் அதிகம் நடக்காத காரியம்.

நாங்கள் இப்போது எங்கள் பகுதியில் கேட்டிருப்பது சின்ன விஷயம். வெள்ளவத்தைக் கால்வாய் கடலில் விழுகிற இடத்தை மணல் அடிக்கடி அடைத்துவிடும். அடைத்திருக்கிற நேரத்தில் பெருமழை பெய்தால் தண்ணீர் போக வழியில்லாமல் பின்னால் ஒழுங்கைகளுக்குள் ஏறும். பாலத்துக்கு அடியில் நீர்மட்டம் அளக்கிற ரேடார் கருவி ஒன்று வைக்கலாம். தண்ணீரை நோக்கி ஒரு துடிப்பை அனுப்பும், திரும்பி வருகிற நேரத்தை வைத்துத் தூரத்தைச் சொல்லும். மணலோ குப்பையோ அதைத் தொடாது. முகம் பார்க்காது, பெயர் கேட்காது. எண் மூன்று மொழியிலும் போனுக்கு வரவேண்டும் என்பது எங்கள் நிபந்தனை. 2025 நவம்பரில் டித்வா புயல் நாடு முழுவதும் 600 பேருக்கு மேல் கொன்ற அந்த நாட்களில் என் போனுக்கு வந்த எச்சரிக்கைகளில் தமிழில் இருந்தவை குறைவு, இருந்தவையும் பிந்தித்தான் வந்தன.

அனுமதி கேட்டுக் கடிதம் கொடுத்தோம். பாலம் ஓர் அலுவலகத்துக்கு, கால்வாய் இன்னொன்றுக்கு, கடற்கரை வேறொன்றுக்குச் சொந்தமாம். முதல் பதில் வந்திருக்கிறது, சிங்களத்தில் மட்டும். மேல்மாடி அங்கிள் வாசித்துச் சொன்னார்: கருவியை யார் பராமரிப்பது என்று கேட்டிருக்கிறார்கள். நியாயமான கேள்வி. ஒழுங்கைப் பொடியன்கள் இரண்டு பேரின் பெயரை எழுதிக் கொடுத்திருக்கிறோம், எறும்பு மருந்து என் செலவு.